லவோனின் இரவல் வாய்

லவோன் ஹ்ருஸ்காவுக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. தெற்கு டகோட்டாவின் ஜனவரிக் குளிரில் எல்லோரும் நடுங்க, அவளுக்கு மட்டும் உள்ளங்கை வேர்த்தது.

பதினோரு வருடமாக அவளுக்கு ஒரே வேலைதான். காது கேளாதவர்கள் தட்டச்சு செய்து அனுப்புவதை மறுமுனையில் இருப்பவருக்குப் போனில் படிக்க வேண்டும். அவர் சொல்வதை அப்படியே எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். அவர் திட்டினால் திட்டையும், அங்கே நாய் குரைத்தால் அதையும். சொந்தமாக ஒரு வார்த்தை பேசினால் சீட்டுக் கிழிந்துவிடும். கணவன் ரோஜரின் சிறுநீரகச் சிகிச்சை இந்த வேலை தரும் காப்பீட்டில்தான் ஓடுகிறது.

இவ்வளவு நல்ல ஏற்பாட்டுக்குள்ளும் திருட்டுப் பயல்கள் புகுந்துவிட்டார்கள், பாவிகள்! இன்டர்நெட் வழியாக எந்த நாட்டிலிருந்தோ வருவான். காது கேட்காது என்பான். கடைக்காரரிடம் திருடிய கிரெடிட் கார்டில் பத்து ஜெனரேட்டர் கேட்பான். பொய் என்று தெரிந்தும் லவோன் அதைக் குழையக் குழையப் படிக்க வேண்டும். அன்று காலை வந்ததுமே மேலதிகாரியிடம் போய்ப் பொருமினாள்.

“நிஜம் எது, பொய் எதுன்னு நாம பிரிக்க ஆரம்பிச்சா நிஜமானவங்கதான் முதல்ல மாட்டுவாங்க. சந்தேகத்தை உன்னோட வச்சுக்கோ,” என்றாள் மேலதிகாரி. அதுவும் நியாயம்தான். அதுதான் லவோனைத் தின்றது.

பத்து மணிக்கு எல்டன் ப்ரிட்ஸ் என்பவரின் அழைப்பு வந்தது. இன்டர்நெட் இல்லை, வீட்டுத் தொலைபேசியில் மாட்டும் பழைய தட்டச்சுக் கருவி, உள்ளூர் எண். இது திருடனாக இருக்க வழியே இல்லை. “ஹீட்டர் நின்னுபோச்சு. பத்து வாரக் குழந்தை. மனைவிக்கும் காது கேக்காது, போர்வை கேட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கா. உடனே வாங்க.”

ஊரில் ஹீட்டர் பழுது பார்ப்பவர், ஜெனரேட்டரும் விற்கும் டுவெய்ன் ஒருவர்தான். லவோன் வாயைத் திறந்ததும் போனை வைத்தார். மறுபடி கூப்பிட்டாள், மறுபடியும் வைத்தார். மூன்றாம் முறை வெடித்தார்.

“உன் குரல் எனக்குத் தெரியாதா? போன மாசம் பத்து ஜெனரேட்டர் கேட்டு என் தலையில மிளகாய் அரைச்சது இதே குரல்தானே! இப்ப குழந்தை, குளிருன்னு கதையா? கூட்டுக்களவாணி!”

‘அவன் வேற, இவர் வேற அய்யா!’ நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ரோஜரின் முகமும் கூடவே வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, ‘கூட்டுக்களவாணி’ வரை எல்லாவற்றையும் எல்டனுக்கு எழுதினாள். தன் விரல்களையே உடைத்துப் போடலாம் போல வெறுப்பாக இருந்தது.

எல்டனிடமிருந்து எழுத்து வந்தது. “நானே பேசுறேன். அவர் சொல்றதை மட்டும் எழுதுங்க.”

காது கேளாதவர் தன் வாயாலேயே பேச, பதிலை மட்டும் லவோன் எழுதிக் காட்டும் அப்படியும் ஒரு வழி உண்டு. ஆனால் பள்ளியில் தன் குரலைக் கேட்டு ஊரே சிரித்ததை அனுபவித்தவர்கள் அந்தப் பக்கமே வர மாட்டார்கள்.

“ஈட்டர்... நின்னு... போச்சு,” என்றது ஒரு கனத்த குரல், மேலேறி, கீழிறங்கி. “நான்... திருடன்... இல்ல.”

அந்தக் குரலுக்குப் பின்னால் குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. அது கேட்காத எல்டன் நிறுத்தி நிறுத்தித் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார். மறுமுனையில் கேட்பதைத் தவிர வேறெதையும் லவோன் எழுதக் கூடாது.

டுவெய்னுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். “யோவ், குழந்தை கத்துதுய்யா! முதல்ல போய்த் தூக்கு! இதோ, வண்டியை எடுக்கறேன்!”

லவோனின் விரல்கள் பறந்தன. எல்டன் பக்கம் நாற்காலி சரியும் சத்தம், ஓடும் காலடி. அழுகை மெல்ல மெல்ல அடங்கியது.

டுவெய்ன் போனை வைக்கவில்லை. “ஏம்மா, அங்க இருக்கியா? இது நிஜம்னு உனக்கு முன்னாடியே தெரியும்தானே? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன?”

லவோன் அதையும் எழுதினாள், எல்டன் எழுந்துபோய், படிக்க ஆளில்லாத கருவிக்கு.