ஒத்தீலியா பார்க்காத ஆட்டங்கள்

என் வீட்டுக் குளியலறையைப் பற்றி எங்கள் ஊர் சான் எலியோ முழுக்கப் பேச்சு. அதில் ஒன்றும் விசேஷம் இல்லை. பின்முற்றத்தின் கோடியில் தகரக் கூரை போட்ட சின்ன அறை. கம்பி போட்ட ஒரு சன்னல், ஒரு பல்பு, மழை பெய்தால் கசியும் சுவர். அந்த அறையில்தான் பக்கத்து வீட்டு ஒத்தீலியா ஒன்றரை வருஷமாக உட்கார்ந்திருந்தாள். அவளை உள்ளே விட்டுப் பூட்டியவன் நான். கறிக்கடை டார்டோ என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பூட்டுகிற டார்டோ என்றால் இன்னும் நன்றாகத் தெரியும்.

ஒத்தீலியாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் இருநூறு பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு செய்கிறவள். புருஷன் எண்ணெய்க் கிணற்று வேலைக்கென்று தெற்கே போனவன், போனவன்தான். ஒரே மகன் உலீசெஸ். பதின்மூன்று வயதில் நகரத்துக் கால்பந்துக் கிளப் அவனைக் கூட்டிக்கொண்டு போய் விடுதியில் போட்டது. பதினேழரை வயதில் முதல் டிவிஷனில் இறக்கினார்கள்.

அந்த முதல் ஆட்டத்தைப் பார்க்கத் தெருவே என் வீட்டுக்கு வந்தது. பெரிய டிவி என்னிடம்தான் இருந்தது. பையன் மாற்று ஆளாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். இடைவேளைக்கு அப்புறம் ஒத்தீலியா குளியலறைக்குப் போனாள், பூட்டு மக்கர் பண்ணிவிட்டது. அவள் கதவைத் தட்டத் தட்ட, இங்கே டிவியில் அவனைக் களத்தில் இறக்கி, அவன் பதினோரு நிமிஷத்தில் இரண்டு கோல் போட்டான். நாங்கள் போட்ட கூச்சலில் கதவுச் சத்தம் எங்கே கேட்கும்? ஆட்டம் முடிந்துதான் திருப்புளி வைத்துப் பூட்டைக் கழற்றினேன். "ரெண்டு கோல்!" என்று நாங்கள் சொன்னதும் அவளும் எங்களோடு சேர்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

அடுத்த வாரம் என் மச்சான் எக்தோர்தான் ஆரம்பித்தான். டாக்சி ஓட்டுகிறவன், வாய் சும்மா இருக்காது. "ஒத்தீலியா, சும்மா அஞ்சு நிமிஷம் உள்ள போய் உக்காரேன், பாப்போம்." போனாள். கோல். அதற்கடுத்த வாரமும் போனாள், கோல். ஒரு வாரம் "போங்கடா, நீங்களும் உங்க ராசியும்" என்று சொல்லிவிட்டு சோபாவில் உட்கார்ந்தாள். அன்றைக்கு ஆட்டம் தொடங்கும் முன்பே, பயிற்சி ஓட்டத்தில் உலீசெஸ் கணுக்கால் பிசகி ஆறு வாரம் படுத்துவிட்டான். அதோடு அது வேடிக்கையாக இல்லாமல் போயிற்று. பூட்டுக்குப் புது சாவி போட்டு என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

எங்களைப் பைத்தியம் என்று நினைக்க வேண்டாம். அந்தக் கூட்டத்தில் மருந்துக்கடைக்காரரும் உண்டு, பள்ளித் தலைமையாசிரியையும் உண்டு. ஆளாளுக்கு ஒரு ராசி இருந்தது. எக்தோர் துவைக்காத ஒரே பனியனோடு வருவான். என் பெண்டாட்டி ஐரிஸ் ஆட்டம் தொடங்கும்போது ஆரஞ்சுப்பழம் உரிக்கத் தொடங்குவாள். நான் கால் ஆடுகிற நாற்காலியில்தான் உட்காருவேன். ஆனால் எங்கள் எல்லோருடைய கண்ணுக்கும் டிவி தெரியும். அவளுக்குத் தெரிந்தது ஈரச் சுவர்.

பையனும் சேர்ந்துகொண்டான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் போன் செய்வான். "அம்மா, உள்ள இருப்பேல்ல?"

"இருப்பேன்டா கண்ணு."

போன வருஷம் குளிர்காலத்தில் வதந்தி கிளம்பியது. கடல் தாண்டி ஒரு பெரிய கிளப் உலீசெஸைக் கேட்கிறதாம். அந்தக் கிளப்பின் பேரை இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன், எங்கள் தெருவில் யாரும் சொன்னதில்லை. முடிவதற்கு முன்னால் வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும். "அவங்க" என்போம், அவ்வளவுதான். திங்கட்கிழமை அவங்க முடித்துவிட்டார்கள் என்று ரேடியோ சொல்லும். செவ்வாய்க்கிழமை அவங்களுக்கு யாரோ ஒரு பிரேசில்காரப் பையன் மேல் கண் என்று எக்தோரின் கைபேசி சொல்லும். புதன்கிழமை, இத்தாலியப் பாஸ்போர்ட் இருந்தால்தான் ஆகும் என்றொரு பேச்சு. ஒத்தீலியா பள்ளிக்கு லீவு போட்டு மூன்று பஸ் மாறிப் போய், எந்தத் தேவாலயத்துப் பெட்டியிலோ கிடந்த, இத்தாலியிலிருந்து வந்த தன் பாட்டனாரின் ஞானஸ்நானச் சீட்டை வாங்கி வந்தாள். வியாழக்கிழமை, பாஸ்போர்ட் எல்லாம் தேவையே இல்லை என்றார்கள்.

வதந்தி வலுக்க வலுக்க நாங்களும் அவளை இறுக்கினோம். முதலில் பல்பு எரியலாம், பாட்டுக் கேட்கலாம் என்றிருந்தது. அப்புறம் ரேடியோவைப் பிடுங்கிக்கொண்டோம். பல்பு அணைந்திருந்த நாளில் அவன் இரண்டு கோல் போட்டதால் பல்பும் போயிற்று. எங்கள் பக்கம் குளிர் உறைக்கிற ஜூலை மாதத்தில் ஒரு முக்காலி, ஒரு கம்பளிச் சால்வை, ஒரு பிளாஸ்க் வெந்நீர், மாத்தே இலைக் கஷாயம் குடிக்க ஒரு குடுவை. இவ்வளவோடு அவள் உள்ளே போவாள். இரண்டு மணி நேரம் கழித்து, விறைத்த முழங்காலைத் தேய்த்துக்கொண்டே வெளியே வருவாள். வெட்கம்கெட்டவர்கள் நாங்கள், "பிரமாதம் ஒத்தீலியா!" என்று கைதட்டுவோம்.

ஒருநாள் சூப்புக்கு எலும்பு வாங்கக் கடைக்கு வந்தாள். வேறு யாரும் இல்லை.

"ஞாயித்துக்கிழமை ஆட்டம்தான் கடைசியாமே? அதோட அவன் போயிடுவானாமே?"

"அப்படித்தான் சொல்றாங்க. அவங்க ஆளு மைதானத்துக்கே வராராம்."

"டார்டோ, பெரிய ஆட்டத்துல அவன் ஆடி நான் ஒரு நிமிஷம் பாத்ததில்ல."

"ராத்திரி செய்தியில காட்டுறாங்களே, பாக்குறேல்ல?"

"அது ஆறிப்போன சூப்பு. அவன் பந்தை எடுக்குறப்பவே அது உள்ள போகும்னு எனக்குத் தெரிஞ்சுடுது. எனக்கு பயப்படணும்டா. மத்த அம்மாக்களாட்டம் கையப் பிசைஞ்சுக்கிட்டு, என்ன ஆகுமோன்னு பயந்து பாக்கணும். ஒரே ஒரு தடவை."

எலும்பு வெட்டுகிற கத்தியைக் கீழே வைத்தேன். "சரி. இந்தத் தடவை சாவியைத் திருப்ப மாட்டேன். கடைசிப் பத்து நிமிஷம் மெதுவா வந்து சமையக்கட்டுக் கதவோரமா நின்னுக்கோ. யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க." அவள் கறி வாசனை அடிக்கிற என் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. எண்பதாவது நிமிஷம் உலீசெஸைக் கோல் பெட்டிக்குள் தட்டிவிட்டார்கள், பெனால்டி. அவனே பந்தைக் கையில் எடுத்தான். வீட்டில் மூச்சுவிடும் சத்தம் இல்லை. பின்னால் கதவு கிறீச்சிட்டது.

ஒத்தீலியா நின்றுகொண்டிருந்தாள். சால்வையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு, கண்ணை டிவி மேல் வைத்து.

"ஐயோ, இவ எப்படி வந்தா?" எக்தோர் அலறினான். "மச்சான்! பூட்டலையா நீ?"

எல்லோரும் எழுந்துவிட்டார்கள். "உள்ள போ! உள்ள போ ஒத்தீலியா! பையன் வாழ்க்கை!" தலைமையாசிரியைதான் எல்லோரையும்விட உரக்கக் கத்தியவள். ஒத்தீலியா என்னை மட்டும் பார்த்தாள். நான் வாக்குக் கொடுத்தவன். நான் எழுந்து என்ன செய்தேன் தெரியுமா? அவள் தோளைப் பிடித்துத் திருப்பி, முற்றத்தில் தள்ளிக்கொண்டு போய், உள்ளே விட்டுச் சாவியைத் திருப்பினேன். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. அந்த நேரத்தில் நானும் அதை நம்பினேன், அதுதான் உண்மை.

சாவி திரும்பிய கணத்தில் வீடு அதிர்ந்தது. கோல்.

அப்புறம் எங்கே நிற்பது? மேளத்தை எடுத்துக்கொண்டு, கார் ஹாரனை அடித்துக்கொண்டு, சதுக்கத்தை ஏழு சுற்று சுற்றினோம். வழியிலேயே கைபேசிகள் கூவின: அவங்க கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். மருந்துக்கடைக்காரர் அழுதார். நானும் அழுதேன். ஒரு மணி நேரம் கழித்து, கைக்குட்டையை எடுக்கப் பையில் கை விட்டபோதுதான் சாவி தட்டுப்பட்டது.

ஓடினேன். திறந்தபோது அவள் இருட்டில் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"எந்த மூலையில அடிச்சான்?" என்றாள்.

"நான் பாக்கல ஒத்தீலியா. பூட்டிக்கிட்டு இருந்தேன்."

"அப்ப நாம ரெண்டு பேருமே பாக்கல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

கிளம்புவதற்கு முன்னால் உலீசெஸ் ஒரு நாள் ஊருக்கு வந்தான். என் முற்றத்தில் கறி சுட்டு விருந்து. நல்ல பையன், பெரியவர்கள் ஒருவர் விடாமல் கட்டிப்பிடித்தான். சாப்பாட்டின் நடுவே எழுந்து நின்று, "அம்மாவையும் கூட்டிட்டுப் போறேன்" என்றான். "வீடு பாத்தாச்சு. நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். டிவிக்குத் தள்ளி ஒரு குளியலறை இருக்கணும், வெளியில பூட்டுற மாதிரி." எல்லோரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். ஒத்தீலியாவும் சிரித்தாள். அப்புறம், "நான் வரலடா. பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு யாரு ஆக்கிப் போடுறது?" என்றாள். அவன் கெஞ்சினான், கோபித்துக்கொண்டான், அழுதான். அவள் அசையவில்லை. விமானத்துக்குப் பயப்படுகிறாள் என்று எக்தோர் ஊரெல்லாம் சொன்னான்.

என்னிடம் மட்டும் காரணம் சொன்னாள். "அங்க போனா என் பிள்ளையே என்னைப் பூட்டுவான். அதை நான் தாங்க மாட்டேன். தவிர, அவன் கூடவே இருந்தா அவன் ஆட்டத்தை எந்தக் காலத்திலயும் பாக்க முடியாது. இங்கன்னா நீ இருக்க. நீ எனக்கு ஒண்ணு செய்யணும்."

செய்தேன். செப்டம்பரில் அங்கே முதல் ஆட்டம், எங்களுக்குச் சாயங்காலம் நாலு மணி. ஒத்தீலியா எல்லோர் கண்ணிலும் படும்படி முக்காலியோடு முற்றத்துக்கு வந்தாள். நான் சத்தம் கேட்கும்படி காலிக் குளியலறையைப் பூட்டினேன். அவள் பின்சுவர்க் கதவு வழியே தன் வீட்டுக்குப் போய், திரையை இழுத்துவிட்டு, டிவியின் சத்தத்தை அணைத்துப் பார்த்தாள்.

உலீசெஸை எண்பத்தோராவது நிமிஷம் இறக்கினார்கள். முதல் நாலு நிமிஷம் நன்றாகத்தான் ஓடினான். இறங்கிய ஆறாவது நிமிஷத்தில் தங்கள் அணிப் பக்கத்துப் பாதியிலேயே பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு யோசித்தான். எதிரணிக்காரன் ஒருவன் பறித்துக்கொண்டு போய்க் கோல் போட்டான். அவங்க தோற்றார்கள். கேமரா உலீசெஸின் முகத்தைக் காட்டியது, ஒரு தடவை அல்ல, நாலு தடவை.

"மச்சான், சரியாப் பூட்டுனியா?" என்று எக்தோர் கேட்டான். பூட்டினேன் என்றேன். பொய் இல்லை.

அன்று ஒத்தீலியா வெளியே வரவில்லை. மறுநாள் பள்ளிச் சமையலுக்குக் கறி வாங்க வந்தவள், எடையைக்கூடப் பார்க்காமல் இருபது கிலோவையும் தூக்கிக்கொண்டு போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் ஆரம்பிக்க அரை மணி இருக்கும்போதே முக்காலியோடு வந்துவிட்டாள். நான் முற்றத்தில் அவள் காதருகே போய், "பின்கதவு திறந்திருக்கு" என்றேன்.

"வேண்டாம்."

"ஒத்தீலியா, இங்க பாரு. பத்தொம்பது வயசுப் பையன். புது ஊரு, புது பாஷை. பந்தை விடாத ஆள் யாரு? இதுக்கும் உனக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒம்பது நிமிஷம் பாத்தேன்" என்றாள். "இடது காலு சாக்ஸை இழுத்து விட்டுக்கிட்டான், நாலு வயசுல பண்ண மாதிரியே. அவ்வளவு அழகா இருந்தான் டார்டோ. நான் கேட்ட பயம் எனக்குக் கிடைச்சுது. உடனே பந்தை விட்டான்."

"அது..."

"நான் பாத்தேன். அவன் விட்டான்."

அவள் போய் உட்கார்ந்தாள். நான் சாவியை எடுக்கவில்லை. இனி ஒருநாளும் அந்தப் பூட்டைத் தொடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தேன். கதவு என் முகத்துக்கு முன்னால் மூடிக்கொண்டது. உள்பக்கம் தாழ்ப்பாள் விழுந்தது. அதுவரை அவள் அந்தத் தாழ்ப்பாளைப் போட்டு நான் கேட்டதில்லை.

அறுபத்து மூன்றாவது நிமிஷம் உலீசெஸ் கோல் போட்டான். வலது மூலை, மேலே. இந்தத் தடவை நான் நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டேன். கூச்சலையும் கட்டிப்பிடிப்பையும் விட்டுவிட்டு முற்றத்துக்கு ஓடிக் கதவைத் தட்டினேன்.

"ஒத்தீலியா! போட்டுட்டான்! வலது மூலை! வெளிய வா, வந்து பாரு, உனக்குப் புண்ணியமாப் போகும்!"

உள்ளே முக்காலி நகரவில்லை.

"கத்தாத டார்டோ" என்றாள். "இன்னும் இருபத்தேழு நிமிஷம் இருக்கு. போய் உன் இடத்துல உக்காரு."