டாங்கிக்கு வேண்டியிருந்த சேறு

அந்த டாங்கி நன்றாகவே வந்திருந்தது. தன் கைவேலையைத் தானே மெச்சிக்கொள்கிறானே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். கெட்டதைச் சொல்லப்போகிறவன், நல்லதையும் நாலு வரி சொல்லிவிட்டுப் போகிறேன். சாண் நீளம் இருக்கும். உடம்பு முழுக்கப் பிஸ்கட் தகரம். உள்பக்கமிருந்து ஆணியால் குத்திக் குத்தி எழுப்பிய ஆணித்தலைகள் முந்நூறுக்கு மேல். சக்கரப் பட்டைக்கு விளக்குத் திரி நாடாவில் தகரத் துண்டுகளை வரிசையாக வைத்துத் தைத்திருந்தேன். இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்த பீரங்கிகள், உடைந்துபோன ஊசிக் குழாய்களின் பித்தளைத் தண்டுகள்.

யோங் பெங்கிலிருந்து ஏழு மைல் உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்போது டிரெசராக, டாக்டர் இல்லாத ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப் போடுகிறவனாக, இருந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். எட்டுக் கட்டில் போட்ட தோட்டத்து ஆஸ்பத்திரி, ஒரு ஆயா, மலேரியா ரத்தம் பார்க்க ஒரு மைக்ராஸ்கோப், பின்னால் எனக்கு ஓர் அறை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. கல்யாணம் ஆகவில்லை, சீட்டு பிடிக்காது, கள்ளுக்கடைப் பக்கம் போவதில்லை. மத்தியானம் மூன்று மணிக்குமேல் நோயாளிகள் வருவது குறைவு. மழைக்காலத்தில் அந்த நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் எரிச்சல் வரும். அதை ஆயாமேல் காட்டுவேன்.

தோட்டத்து வெள்ளைக்காரத் துரை பங்களாவில் படித்துத் தள்ளிய படப் பத்திரிகைகள் மருந்துப் பொட்டலம் மடிக்க எங்களுக்கு வரும். அதில் ஒன்றில்தான் டாங்கியைப் பார்த்தேன். ஐரோப்பாவில் நடந்த பெரிய சண்டையின் படம். மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு, பின்பாதி சேற்றில் புதைந்து கிடந்தது. அந்தத் தாளை மட்டும் மடிக்காமல் எடுத்து வைத்தேன். இரண்டு மாதத்தில் டாங்கி மேசைமேல் நின்றது.

ஆபீஸ் தலைமைக் கணக்கர், பெரிய கிராணி, வந்து பார்த்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு லா. சாவி குடுத்தா ஓடுமா?" என்று கேட்டார்.

பொம்மைக் கடையில் நிறுத்திவிட்டார் மனிதர். எனக்கு மூக்குமேல் கோபம். அவர் போன பிறகு படத்தையும் டாங்கியையும் மாறி மாறிப் பார்த்தேன். குறை டாங்கியில் இல்லை, அது வெறும் பலகைமேல் நின்றதுதான் குறை என்று பட்டது. சேறு இல்லாமல் அது சண்டைக்குப் போகாது.

சேறுதானே, தோட்டத்தில் அதற்கா பஞ்சம் என்று வாய்க்கால் களிமண்ணைக் கொண்டுவந்து பூசினேன். காய்ந்ததும் வெடித்துச் சில்லுச் சில்லாக உதிர்ந்தது. மைதா மாவுப் பசையில் மண்ணைக் குழைத்துப் பூசினேன். ஒரே வாரத்தில் கரப்பான் பூச்சிகள் போர்க்களத்தைத் தின்றுவிட்டன. ரப்பர் பாலில் மண்ணைக் கலந்து, பால் உறைய அமிலம் விட்டேன். அது சுருங்கிப் பலகையையும் வளைத்துக்கொண்டு நாறியது. ஆயா மூக்கைப் பொத்திக்கொண்டு வார்டுக்குள் நடந்தாள்.

இதற்கிடையில் துரையின் காதுக்கு விஷயம் போய், ஒருநாள் அவரே வந்துவிட்டார். அந்தச் சண்டையில் இருந்தவர் அவர். தகர டாங்கியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நவம்பர் பதினொன்றாம் தேதி துரைமார் கிளப்பில் போர் நினைவு நாள், அதற்குள் இதை முடித்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்று சொன்னேன். ஒன்பது வருடத்தில் அவர் என்னிடம் மருந்தைத் தவிர வேறெதையும் பற்றிப் பேசியது அன்றுதான்.

மருந்தறை அலமாரியின் கீழ்த்தட்டில் ஏழு ராத்தல் டின் ஒன்று இருந்தது. எலும்பு முறிந்தால் போடும் மாவுக்கட்டுக்கான மாவு. துணிச் சுருளில் அந்த மாவைத் தேய்த்து, தண்ணீரில் நனைத்துச் சுற்றினால் பத்து நிமிடத்தில் கல்லாகிவிடும். வருடத்துக்கு இரண்டு முறிவு வந்தால் பெரிது. பாதியை எடுத்தால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். முதல் கலவை கையிலேயே இறுகி வீணாகப் போயிற்று. இரண்டாவது கலவையில் பலகையின் பாதிதான் மூடியது. பாதிச் சேற்றில் சண்டை நடக்காதே. டின்னைக் கவிழ்த்துத் தட்டினேன்.

வந்த சேறு பிரமாதமான சேறு. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மழையில் ரப்பர் லாரி போன தடத்தைக் குனிந்து குனிந்து பார்த்துவிட்டு வந்து, மாவு இறுகுவதற்குள் டாங்கியை உருட்டித் தடம் பதித்தேன். காப்பி டிகாக்‌ஷனும் விளக்குக் கரியும் கலந்து நிறம் ஏற்றினேன். குண்டு விழுந்த பள்ளங்களில் மைக்ராஸ்கோப் கண்ணாடித் துண்டுகளை வைத்து அடியில் அயோடின் தடவினேன். தேங்கிய மழைத்தண்ணீர் அப்படியே தெரிந்தது. பெரிய கிராணி வந்து பார்த்தார், சாவியைப் பற்றிப் பேசவில்லை. சிங்கப்பூருக்கு வேறு ஒரு டின் மாவு கேட்டு எழுதிப் போட்டேன்.

டாங்கி கிளப்புக்குப் போன நாலாம் நாள் காலை அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

பதினாறாம் நம்பர் மலைக்காட்டில் பால் வெட்டுகிறவள். முப்பது வயதிருக்கும். தோட்டத்திலேயே வேகமான கை. வாயும் அப்படித்தான். கொய்னா மருந்து வாங்க வரிசையில் நிற்கும்போது, "ஐயா மூஞ்சியப் பாத்தாலே பாதி காய்ச்சல் ஓடிரும், மருந்து எதுக்கு" என்று என் காதுபடவே சொல்லுவாள். மற்ற யார் சொன்னாலும் கடிந்துகொள்வேன், அவள் சொன்னால் சிரிப்பு வந்துவிடும். அன்று இரண்டு கையிலும் பால் வாளியோடு வாய்க்கால் பலகையைக் கடக்கும்போது வழுக்கிவிட்டது. இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டும் முறிந்திருந்தன. தோல் கிழியவில்லை. நேராக இழுத்து மாவுக்கட்டுப் போட்டால் மூன்று மாதத்தில் மலையேறலாம். என் கையால் அப்படி நாலைந்து பேருக்குச் சரியாகியிருக்கிறது.

மாவு இல்லை. ஆனால் மறுநாள் காலை பத்து பகாட் டவுனுக்கு ரப்பர் லாரி போகிறது. அங்கே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. மெத்தையைப் போட்டுப் படுக்கவைத்து அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் அங்குள்ள டாக்டர், சாதாரண முறிவை எதற்கு இங்கே அனுப்பினீர்கள் என்று துரைக்கு எழுதுவார். துரை என்னைக் கேட்பார். மாவெல்லாம் உங்கள் கிளப்பில் இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டும்.

பெட்டிப் பலகைச் சட்டங்களை இரண்டு பக்கமும் வைத்துத் துணியால் கட்டினேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். கட்டி முடித்ததும் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காருக்குப் போன வருசம் கையில போட்டீங்களேய்யா, வெள்ளையா, மாவுக்கட்டு. அது எனக்குப் போடலையா?"

"இந்தக் காலுக்கு அது வேணாம்மா. பலகையே போதும்."

"நீங்க சொன்னா சரிங்கய்யா."

பன்னிரண்டாம் நாள் புது டின் வந்தது. கட்டைப் பிரித்துப் பார்த்தேன். எலும்பு நழுவி, பாதம் வெளிப்பக்கம் திரும்பத் தொடங்கியிருந்தது. எலும்பு இன்னும் கூடி இறுகவில்லை, அப்போதும் இழுத்துச் சரிசெய்திருக்கலாம். செய்தால் முதலில் கட்டியது தப்பு என்று ஆயாவுக்கும், அவளுக்கும், அவள் புருஷனுக்கும் தெரிந்துவிடும். பலகையையே மறுபடி இறுக்கிக் கட்டினேன். புது டின்னை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மாவு தீர்ந்துபோனதை அறியாத்தனம் என்று யாராவது மன்னிக்கலாம். இந்தப் பூட்டுக்கு அப்படி ஒரு பெயரும் கிடையாது.

கால் ஒரு அங்குலம் குட்டையாகி, பாதம் கோணலாகிக் கூடியது. மலைக்காட்டுக்கு இனி அவள் ஆகமாட்டாள் என்று தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் வாய்க்கால் கூட்டும் வேலை கொடுத்தார்கள். அவள் என்னைக் குறை சொல்லவில்லை. டிரெசர் ஐயா இல்லாவிட்டால் காலையே எடுத்திருப்பார்கள் என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

பொங்கலுக்கு முன்னால் கிளப்பிலிருந்து டாங்கி திரும்பி வந்தது. லாரியில் பலகையின் ஒரு மூலை இடிபட்டிருந்தது. துரை அதை ஆபீஸ் வராந்தாவில் வைக்கச் சொன்னார். பொங்கலன்று லயமே திரண்டு வந்து பார்த்தது. நானும் வெட்கமில்லாமல் பக்கத்தில் நின்று, இது பீரங்கி, இது பள்ளம் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அவளும் புதுச்சேலை கட்டி, படியில் கையூன்றி ஏறி வந்தாள்.

"சேறு அப்படியே இருக்குங்கய்யா. பாத்தாலே வழுக்குது" என்றாள்.

பிறகு அந்த இடிபட்ட மூலையைப் பார்த்தாள். காப்பி நிறம் பெயர்ந்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. நகத்தால் சுரண்டி, விரலில் ஒட்டிய பொடியைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"இது மாவுக்கட்டு மாவுதானேய்யா?"

"ஆமா" என்றேன்.

"எப்பச் செஞ்சீங்க?"

"நீ விழறதுக்கு முந்தி."

"அன்னிக்கு நான் கேட்டேனேய்யா" என்றாள். குரலில் கோபம் இல்லை. விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பக்கவாட்டில் இறங்கிப் போனாள்.

இரண்டு வாரம் துரை கூப்பிடுவார் கூப்பிடுவார் என்று ஆபீஸ் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு வாரமும் அவள் காலை நினைத்து நான் வருந்தவில்லை, என் வேலையை நினைத்துத்தான் பயந்தேன். எழுதவே கூசுகிறது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்கும் அதன்பிறகு வரவில்லை. காய்ச்சல் வந்தால் யோங் பெங்கில் சீனன் மருந்துக்கடைக்குப் போகிறாள் என்று ஆயா சொன்னாள். மன்னித்துக்கொள் என்று சொல்ல அவள் வாய்க்கால் கூட்டும் இடத்துக்கு ஐம்பது அடிகூட நடக்க வேண்டாம். நான் நடக்கவில்லை.

மூன்று வருடம் கழித்துப் பெரிய தோட்டம் ஒன்றில் வேலை கிடைத்துக் கிளம்பினேன். துரை ஒரு நற்சான்றுக் கடிதம் கொடுத்தார். லாரி லயத்தைத் தாண்டும்போது அவள் விளக்குமாற்றை நிறுத்தி ஒதுங்கி நின்றாள். வண்டியை நிறுத்தச் சொல்ல நினைத்தேன், குனிந்து மடியிலிருந்த கடிதத்தைப் பிரித்தேன். இவர் இருந்த காலத்தில் எலும்பு முறிந்த ஒருவரைக்கூட வெளி ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்படி ஆகவில்லை என்று துரை எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தைக் காட்டித்தான் அடுத்த வேலையில் சேர்ந்தேன்.