கனகத்தின் கடைசி அத்தியாயமும் நாலு சாஃப்ட்வேரும்

அந்தப் பழைய கம்ப்யூட்டரை ஆன் பண்ணினால் முதலில் சூடான தூசி வாசம் வரும்... பிறகு ஃபேன் கர்ரென்று கத்தும். தகரக் கூரையில் விழும் மழையையும் மீறிக் கேட்கும்!

ஹட்டனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. கழித்துப்போட இருந்ததை முதலாளி எனக்கே கொடுத்துவிட்டார். பழைய மெஷினிலும் ஓடுகிற லினக்ஸ் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்து, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் அறைக்கு, எங்கள் காம்பராவுக்கு, கொண்டுவந்தேன்.

அம்மா கேட்டது ஒரே கேள்வி.

"இதுல நம்ம கனகம் கதை இருக்குமா புள்ள?"

கனகம் எங்கள் சொந்தக்காரி இல்லை, ஒரு நாவலின் நாயகி. அம்மா இளவயதில் வாசித்த புத்தகத்தில் கடைசி அத்தியாயம் கிழிந்து போயிருந்தது. புருஷன் வருவான் என்று கனகம் ரயில் ஸ்டேஷனில் நிற்கிறாள்... அத்தோடு சரி. கொழுந்து பறிக்கும்போது அம்மா சொல்லிச் சொல்லி, கூட வேலை செய்கிற எல்லோருக்கும் அந்தக் கதை தெரியும். முடிவு மட்டும் ஆளுக்கு ஒன்று! பக்கத்துக் காம்பரா செல்வி அக்கா கணக்கில், அவன் அடுத்த ரயிலில் வந்து பஜாரில் துணிக்கடை போட்டுவிடுவான்.

ஒருநாள் கடையில் இன்டர்நெட்டில் தேடியபோது மின்நூலாக அது கிடைத்தே விட்டது! துள்ளிக் குதிக்காத குறைதான். அதையும், எதில் நன்றாகத் தெரியுமோ என்று மின்நூல் வாசிக்கிற சாஃப்ட்வேர் நாலையும் பென் டிரைவில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

ஞாயிற்றுக்கிழமை. லயத்தில் பாதிப்பேர் எங்கள் காம்பராவில்.

முதல் சாஃப்ட்வேரில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்... "என்னாடி இது, பூச்சி ஊர்ந்த மாதிரி?" என்றார் செல்வி அக்கா.

இரண்டாவதில் எழுத்து அழகு. ஆனால் அம்மாவின் கண்ணுக்கு ஏற்ற மாதிரி பெரிதாக்கினால் பாதி வரி திரையை விட்டு ஓடியது. மூன்றாவது திறக்கவே இல்லை, சுற்றிக்கொண்டே இருந்தது.

"மெஷினுக்கு ஒரு பிளேன்டீ ஊத்திக் குடு புள்ள!"

கூட்டத்தில் யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் பயம். இத்தனை வருஷம் காத்திருந்த அம்மாவை நானும் ஏமாற்றிவிடுவேனோ...

நாலாவது பட்டென்று திறந்தது! எழுத்தைப் பெரிதாக்கினேன். வரிகள் தாமாக மடிந்து திரைக்குள் அடங்கின. இன்னும் பெரிதாக்கினேன். அப்போதும் அடங்கின!

"தெரியுது புள்ள... கண்ணாடி இல்லாமயே தெரியுது." என்றார் அம்மா.

சத்தமாக வாசித்தார். ரயில் வருகிறது. புருஷன் இறங்கவில்லை. கனகம் தனியாக அதில் ஏறிப் போகிறாள். முற்றும்.

"அம்புட்டுத்தானா?" செல்வி அக்கா எழுந்தே விட்டார். "எங்க போறாள்னு கூட எழுதலயே! இதெல்லாம் ஒரு கதையா?"

அன்று முழுக்க அதே சண்டை. அப்படி ஒரு சந்தோஷம் எங்கள் காம்பராவில் அதற்கு முன் வந்ததில்லை.

இப்போது நான் கொழும்பில் வேலை செய்கிறேன். போன் நிறையப் புத்தகங்கள். பிடிக்காவிட்டால் அடுத்தது... பலவற்றை முடிப்பதே இல்லை. முடித்தாலும் அதைப் பற்றிச் சண்டை போட ஆளில்லை.

போன தீபாவளிக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மாவோடு வேலைக்குப் போகும் புதுப்பெண் ஒருத்தி வந்து கதை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பெறகு கனகம் எங்க போனாங்க?"

அம்மா என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"கொழும்புக்குத்தான். வேலை கெடைச்சிருச்சு. லீவு குடுத்தா வந்துருவா."