தண்ணி எப்ப வரும்?

அவளைத் தெருவே ஊசியக்கா என்று கூப்பிட்டதற்குக் காரணம் இரண்டு. ஒன்று தையல், இன்னொன்று உடம்பு. ஐம்பதைத் தாண்டியும் சதை பிடிக்காத தேகம். காற்று பலமாக அடிக்கிற நாளில், "அக்கா, கதவைப் பிடிச்சுக்கோ, பறந்துடப் போறே" என்று பக்கத்து வீட்டுக்காரி கிண்டல் செய்வாள். வாசலை ஒட்டின அறையில் மெஷினைப் போட்டுக்கொண்டு ஜிப் மாற்றுவாள், சீருடைக்கு ஓரம் அடிப்பாள், திரைச்சீலை தைப்பாள். மகளைக் கட்டிக்கொடுத்து வெளியூர் அனுப்பியபிறகு வீட்டில் இருந்தது அந்த மெஷின் சத்தமும் அவளும்தான்.

கணவர் இல்லாமல் இல்லை. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகளைக் கழுவுவது அவருக்குத் தொழில். ஊரில் டேங்க்காரர் என்றால் தெரியும். காலையில் வாளியும் பிரஷும் கயிறுமாகக் கிளம்பினால் சாயங்காலம் ஈரம் காயாத உடம்போடு வந்து நிற்பார். தங்கமான மனுஷர். குடி கிடையாது, கோபம் கிடையாது, பேச்சும் கிடையாது. எதைச் சொன்னாலும் "ம்" என்பார். பெண்ணுக்கு வரன் வந்திருக்கிறது என்றாலும் "ம்"தான், கூரை ஒழுகுகிறது என்றாலும் "ம்"தான். "ஒரே எழுத்தை வச்சு முப்பது வருஷம் குடும்பம் நடத்தின மனுஷன் உலகத்துல உங்க அண்ணன் ஒருத்தர்தான்" என்று நாத்தனாரிடம் சொல்லிச் சிரிப்பாள். சிரித்து முடித்ததும் நெஞ்சில் எதுவோ வெறுமையாகக் கிடக்கும்.

அந்த வெறுமைக்கு மருந்து தேடி அவள் அலைந்த அலைச்சல் கொஞ்சநஞ்சமில்லை. சொற்பொழிவு என்றால் முதல் வரிசை, பிரார்த்தனைக் கூட்டம் என்றாலும் முதல் வரிசை. ஒரு கூட்டத்தில் அழச் சொன்னார்கள், அழுதாள். இன்னொன்றில் வாய்விட்டுச் சிரிக்கச் சொன்னார்கள், அதையும் செய்தாள். வீடு திரும்பினால் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். கடைசியில் ஒரு தியான வகுப்பில் சேர்ந்தாள். "உள்ள போங்க... இன்னும் உள்ள போங்க" என்பார் அங்கே சொல்லித்தருகிற அம்மா, தாலாட்டுப் பாடுகிற குரலில். ஊசியக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு போனாள். உள்ளே எதிர்ப்பட்டதெல்லாம் நூல் தீர்ந்த பாபினும், நாளைக்குத் தருவதாகச் சொன்ன பள்ளிக்கூடச் சட்டையும்.

"என்னம்மா தெரிஞ்சுது உங்களுக்கு?"

"ஒரு ஜிப்புதாங்க. பாதியில மாட்டிக்கிட்டு நிக்குது."

வகுப்பே குலுங்கிச் சிரித்தது. அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தாள். வரும் வழியில் அழுகை முட்டியது.

டேங்க்காரரோடு கூட்டு வேலை பார்த்தவர் நாத்தனாரின் கணவர். ஒருநாள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது காலைத் தப்பாக ஊன்றிவிட்டார். கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. மறுநாள் காலையில் ஒரு நான்கு மாடிக் குடியிருப்பின் தொட்டியைக் கழுவியாக வேண்டும். தண்ணீர் வராது என்று எல்லா வீட்டுக்கும் சொல்லியும் ஆயிற்று. சிக்கல் என்னவென்றால், அந்தத் தொட்டிக்குள் இரண்டு அறைகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக நடுச்சுவரில் ஒரு துவாரம்தான் வழி. ஒல்லியானவர்தான் அதில் நுழைய முடியும். டேங்க்காரருக்குத் தொப்பை விழுந்து பல காலம் ஆகிறது.

அவர் தையல் அறை வாசலில் வந்து நின்றார். மெஷினை மிதித்துக்கொண்டிருந்தவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ நுழைஞ்சிடுவே" என்றார்.

புகழ்ச்சியா நக்கலா என்று அவள் யோசித்து முடிப்பதற்குள் கையில் வாளி ஏறியிருந்தது.

மறுநாள் அந்தக் குடியிருப்பின் மொட்டைமாடியில் வெயில் இன்னும் சுடத் தொடங்கவில்லை. அவர் தொட்டியின் மூடியை நகர்த்திவிட்டுப் பக்கத்திலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஏங்க, இறங்கலையா?"

"உள்ள அடைஞ்ச காத்து மாறணும்."

அவசரமே இல்லாத அந்த உட்காரலை அவள் வீட்டில் பார்த்ததில்லை. பிறகு இருவரும் இரும்பு ஏணி வழியாக இறங்கினார்கள். வெளிச்சம் மேலிருந்து ஒரு தூண்போல் நின்றது. தரையில் தேங்கிய கொஞ்சத் தண்ணீர் அசைய அசைய, கூரையில் வெளிச்சம் வலைபோல விரிந்து சுருங்கியது. காலடியில் வண்டல் பட்டுத்துணி மாதிரி வழுக்கியது.

துவாரத்துக்குள் தலையை விட்டு, தோளைச் சாய்த்து, அவள் அடுத்த அறைக்குள் போய் விழுந்தாள். பின்னாலேயே டார்ச்சும் பிரஷும் வந்தன.

"மூலையில குழாய் வாய் இருக்கும். முதல்ல துணிய வச்சு அடைச்சிடு. அழுக்கு கீழ இறங்கிடக் கூடாது."

தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது அந்தக் குழாய். வீடுகளுக்கெல்லாம் தண்ணீர் இறங்குகிற வழி. துணியைச் சுருட்டிக்கொண்டு குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

குழாய்க்குள் யாரோ இருமினார்கள்.

காதைக் கிட்டே கொண்டுபோனாள். கீழே திறந்துவைத்த குழாய்களின் வழியாக வீடுகள் ஏறிவந்துகொண்டிருந்தன. ஒருத்தி பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். ஒரு கிழவர் தன்னோடு தானே பேசிக்கொண்டார். "சோப்புப் போட்டுட்டு நிக்கிறேன்டி, ஒரு சொம்பு தண்ணியாவது குடு" என்று ஒருவன் கெஞ்சினான். "நேத்தே சொன்னாங்கல்ல, காதுல என்ன பஞ்சா?" என்றது இன்னொரு குரல். எல்லாம் கனவில் கேட்கிறமாதிரி, ஈரத்தில் நனைந்து, வட்டமாக வந்தன. அதற்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல், குழாய்க்கு வாயைக் கொடுத்துக்கொண்டு கேட்டிருக்க வேண்டும், மிகக் கிட்டத்தில் ஒலித்தது.

"தண்ணி... தண்ணி எப்ப வரும்?"

யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது அவளுக்கு. "வரும்டா கண்ணு. இதோ வந்துடும்."

கீழே ஒரு சொம்பு உருண்டது. பிறகு, "அம்மா! குழாய் பேசுதும்மா! வந்துடும்னு சொல்லுதும்மா!"

ஊசியக்கா வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள். சிரிப்பும் படபடப்பும் ஒன்றாக வந்தன. துவாரத்தருகே முகத்தை வைத்து, "ஏங்க, கீழ பேசுறதெல்லாம் இதுல கேக்குதுங்க" என்றாள்.

"ம்."

"உங்களுக்கும் கேக்குமா?"

"தெனமும்தான்."

"யாராச்சும் தண்ணி கேட்டா என்ன சொல்லுவீங்க?"

அந்தப் பக்கம் பிரஷ் நின்றது. "என்ன சொல்றது. 'ம்'னுவேன்."

சொன்னவர், எப்படி என்று காட்டுவதுபோல, ஒரு முறை சொல்லியும் காட்டினார். வீட்டில் அடுப்புச் சத்தத்தில் கரைந்துபோகிற அந்த எழுத்து இங்கே நாலு சுவரிலும் உருண்டு, துவாரத்தின் வழியாக அவளிடம் வந்து, விலா எலும்பில் அதிர்ந்துவிட்டு அடங்கியது. அவள் திரும்பி, குழாயில் துணியை அடைத்தாள். பிரஷை எடுத்தாள்.

எவ்வளவு நேரம் தேய்த்தாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. குழந்தையின் முதுகைத் தேய்ப்பதுபோல் அந்தச் சுவரைத் தேய்த்தாள். பச்சைப் பாசி வழிந்து இறங்க இறங்க அடியிலிருந்து வெளுப்பு எழுந்தது. துணியால் அடைத்த குழாய்க்கு அந்தப் பக்கம் அத்தனை பேரும் இருக்கிறார்கள் என்பது மட்டும் கைக்குத் தெரிந்திருந்தது. பாபினும் வரவில்லை, ஜிப்பும் வரவில்லை. வரவில்லை என்ற நினைப்புகூட வரவில்லை. எங்கோ ஒரு சொட்டு விழுந்தது. கொஞ்சம் கழித்து இன்னொன்று.

அலசி, அழுக்கை வெளியேற்றி, துணியைப் பிடுங்கிவிட்டு அவள் மேலே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. அவர் மோட்டாரைப் போட்டார். தொட்டி நிறையத் தொடங்கியதும் கீழே போகிற குழாயில் அவள் கையை வைத்துக்கொண்டு நின்றாள். சூடாக இருந்த இரும்பு உள்ளங்கைக்கடியில் மெல்லக் குளிர்ந்தது. கீழே ஒவ்வொரு வீட்டிலும் குழாய்கள் செருமிக்கொண்டன, தும்மின. "வந்துடுச்சு!" என்று யாரோ கத்தினார்கள். காரணமே இல்லாமல் அவளுக்குக் கண்ணில் நீர் கொட்டியது. டேங்க்காரர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, முட்டையில் பெரிய பாதியை அவள் பக்கம் தள்ளிவைத்தார்.

நாத்தனார் கணவருக்குக் கால் சரியாயிற்று. ஆனால் கால் வலியோடு கிடந்த நாட்களில் அவருக்கு உட்கார்ந்தே பழகிவிட்டது. ஒரு பள்ளிக்கூட வாசலில் காவல் வேலை தேடிக்கொண்டார். அதனால் வாரத்தில் பாதி நாள் மெஷினுக்கு உறை போட்டுவிட்டு ஊசியக்காதான் தொட்டிக்குப் போனாள். தியான வகுப்பையும் விட்டுவிடவில்லை. அங்கே நல்ல சிநேகிதிகள் கிடைத்திருந்தார்கள், மின்விசிறியும் நன்றாகச் சுற்றும். "இப்பல்லாம் உள்ள போக முடியுதாம்மா?" என்று சொல்லித்தருகிற அம்மா கேட்டதற்கு, "போறேங்க, முட்டிதான் சிராய்ச்சுக்குது" என்று முழங்காலைக் காட்டினாள். அந்த அம்மாவுக்குப் புரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு உறைத்தது, ஊர்த் தொட்டியெல்லாம் கழுவியாயிற்று, சொந்த வீட்டுத் தொட்டியைப் பார்த்து வருஷக்கணக்காயிற்று என்று. கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி. ஆள் நிற்க முடியாது, குந்தலாம். தண்ணீரை வடித்துவிட்டு இறங்கிக் குந்தியவளுக்கு, அடியில் குழாய் வாயைப் பார்த்ததும் கை நின்றது.

"ஏங்க, சமையல்கட்டுக் குழாயைத் திறந்துட்டு ஏதாச்சும் பேசுங்களேன்."

"என்ன பேச?"

"உங்க இஷ்டம்."

அவர் இறங்கிப்போகிற செருப்புச் சத்தம் கேட்டது. குழாய் கிரீச்சென்று திறந்தது. நெடுநேரம் மூச்சு மட்டும் வந்தது.

"இந்தக் குழாய்க்கு வாஷர் போயிடுச்சு" என்றார். "மாத்தணும்."

அவள் காத்திருந்தாள்.

"பொண்ணு போனதுலேருந்து வீடு வெறிச்சுன்னு இருக்கு. உனக்கு மட்டும்தான்னு நெனச்சுக்காதே." மறுபடி மூச்சு. "சாயங்காலம் வரும்போது தெரு முனையிலயே உன் மெஷின் சத்தம் கேக்கும். அது கேட்டுட்டா போதும் எனக்கு. ஒருநாள் கேக்கல. நீ ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தே. நான் வாசப்படியிலயே உக்காந்துட்டேன், உள்ள போகப் பிடிக்கல..."

ஏதாவது பதில் சொன்னால் நிறுத்திவிடுவாரோ என்று அவள் மூச்சைக்கூட மெல்ல விட்டாள். அவர் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார், முதன்முதலில் தொட்டிக்குள் இறங்கியபோது பயந்ததைச் சொன்னார், மகள் பிறந்த அன்று சந்தோஷம் தாங்காமல் யாரிடமும் சொல்லத் தெரியாமல் ஒரு காலித் தொட்டிக்குள் நின்று கத்தியதைச் சொன்னார். குந்தியிருந்தவளுக்குக் கால் மரத்துப்போயிற்று. அவள் அசையவில்லை. தலைக்கு மேலே வட்டமாகத் தெரிந்த வானத்தைப் பறவை ஒன்று கடந்துபோயிற்று. கீழே அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.