தூண்டில் தடியை நான் கைவிட்ட சனிக்கிழமை

என் கணவர் பாஸ் என்ற ஏரி மீனைப் பிடிக்கப் போவதை இருபது வருடங்களாக நான் விரும்பவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஜூன் மாதத்தின் பின்பாதியில் ஒரு சனிக்கிழமை பாஸ் பிடிக்க அனுமதி தொடங்கும். அன்று முதல், தண்ணீரில் கை வைத்தால் விறைத்துப்போகும் நவம்பர் வரை, சனிக்கிழமைகளில் அவரை வீட்டில் காண முடியாது. கலியாணம், பெண்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்கு, றிச்மண்ட் ஹில் கோயில் திருவிழா, எதுவென்றாலும் நானும் மகளும்தான் போவோம். "அவர் எங்கை?" என்று யாராவது கேட்டால், "ஓவர்டைம்" என்று சொல்லிப் பழகிவிட்டேன்.

அவர் கார் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் இரும்புத் தகடு அழுத்தும் இயந்திரத்தில் வேலை செய்தார். "தண்ணிக்குப் பக்கத்திலை போய் நிண்டாத்தான் காதுக்குள்ளை கேக்கிற இரைச்சல் அடங்குது" என்று ஒருநாள் சொன்னார். நான் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். தொடர்ந்து சட்டியைத் தேய்த்தேன்.

ஒரு ஜனவரி மாதக் காலை, மில்லிக்கனில் எங்கள் வீட்டு வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தபோது அவர் விழுந்துவிட்டார். நான் உள்ளே தேத்தண்ணி வைத்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுச் சீனக்காரர் ஜன்னலால் கண்டு, ஆம்புலன்சுக்கு அடித்துவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் காலுறையோடு பனிக்குள் ஓடி வந்திருந்தார். நான் கதவைத் திறந்தபோது தன் ஜாக்கெட்டைக் கழற்றி இவருடைய தலைக்குக் கீழே வைத்துக்கொண்டிருந்தார். ஸ்ட்ரோக்கில் நேரம்தான் முக்கியம் என்று பிறகு டொக்டர் சொன்னார். எனக்கு இன்று ஒரு புருஷன் இருக்கிறார் என்றால், முதலாவது காரணம் அந்த மனிதரின் நனைந்த காலுறை.

உயிர் தப்பியது. வலது கையும் காலும் பலவீனப்பட்டுப் போயின. அதோடு பேச்சும் போய்விட்டது. நாங்கள் சொல்வது அவருக்கு விளங்கியது, ஆனால் சொல் வெளியே வரவில்லை. ஒரே ஒரு சொல்தான் மிச்சம் இருந்தது, ஆமாம் என்பதற்கு நாங்கள் சொல்லும் "ஓம்".

"பசிக்குதோ?" என்றாலும் ஓம். "பசிக்கேல்லையோ?" என்றாலும் ஓம். முதலில் சிரிப்பு வந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு சிரிப்பு வரவில்லை.

மே மாதம் வந்தபோது அவர் கைத்தடி ஊன்றி நடக்கத் தொடங்கியிருந்தார். ஆனால் நடந்துபோகும் இடம் எப்போதும் ஒன்றுதான். கராஜுக்குப் போய், சுவரில் வரிசையாகக் கொளுவியிருக்கும் தூண்டில் தடிகளுக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்துவிடுவார். நான் போய்க் கூப்பிட்டால் எழுந்து வருவார். சண்டை பிடித்தால்கூட நன்றாயிருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

ஜூன் நடுப்பகுதியில் ஒருநாள் அவர் இடது கையால் நாள்காட்டியைத் தொட்டார். ஒரு சனிக்கிழமையின் மேல் விரலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மீன் பிடிக்கப் போவமோ?"

"ஓம்."

இந்த முறை அது எந்த 'ஓம்' என்று எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

ஒட்டாவாவில் இருக்கும் மகளிடம் போனில் சொன்னேன். "அம்மா, ஆர் யூ சீரியஸ்? நீங்க ஹைவேயிலையே கார் ஓடினதில்லை" என்றாள். உண்மைதான். நான் ஸ்காபரோவில் வேலை செய்யும் ரேக் அவுட் சாப்பாட்டுக் கடைக்கும் வீட்டுக்கும் இடையில் மட்டுமே கார் ஓட்டுபவள். "ஹைவேயிலை ஏன் போகோணும்? சின்ன றோட்டாலை மெல்ல மெல்லப் போறன்" என்றேன். பிறகு, "போன் சார்ஜ் பண்ணி வையுங்கோ" என்றாள்.

மீன்பிடி லைசென்ஸ் எடுத்தேன். தூண்டில் முள்ளில் முடிச்சுப் போடுவதை யூடியூப் பார்த்துப் பழகினேன். இரையாகப் போடும் றப்பர் புழுவை முள்ளில் எப்படிக் கோர்ப்பது என்று அவர் ஒரு கையாலேயே காட்டித் தந்தார். நான் பிழையாகக் கோர்க்கும்போதெல்லாம் நாக்கால் 'ச்' என்று ஒரு சத்தம். அதுகூட எனக்குப் பேச்சு மாதிரித்தான் கேட்டது.

அந்தச் சனிக்கிழமை ஸ்கூகொக் ஏரிக்குப் போய்ச் சேர ஒரு மணித்தியாலப் பாதைக்கு எனக்கு இரண்டு மணித்தியாலம் பிடித்தது. பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். அவர் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு சந்தியிலும் இடது கையை நீட்டி வழி காட்டினார். ஏரிக்கரைப் பூங்காவில், தண்ணீருக்குள் நீண்டிருந்த மரத்துறையில் மடக்குக் கதிரையை விரித்து அவரை இருத்தினேன். தண்ணீரை அவ்வளவு கிட்டத்தில் கண்டதும் தோள்கள் இறங்கி, முகம் ஆறி, அவர் பழைய மனிதராகச் சாய்ந்து உட்கார்ந்தார். இத்தனை வருடமாக இவர் இங்கேதான் வந்து ஆறியிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. வெட்கமாக இருந்தது.

எறியத் தெரியாமல் எறிந்தேன். முதல் எறியில் முள் என் தோள்பையில் மாட்டியது. அடுத்ததில் துறையின் பலகையில். பத்துப் பன்னிரண்டு தரத்துக்குப் பிறகு அல்லி இலைகளின் ஓரமாக ஒரு எறி ஒழுங்காகப் போய் விழுந்தது. அவர் கையைத் தாழ்த்தி, 'பொறு' என்பதுபோலக் காட்டினார். பொறுத்தேன். புழு தண்ணீருக்குள் மெல்ல இறங்கியது.

திடீரென்று நூல் பக்கவாட்டில் நகர்ந்தது. நான் தடியைத் தூக்கினேன். மறுமுனையில் ஏதோ ஒன்று என்னைத் திருப்பி இழுத்தது. நூல் சுற்றும் றீலைப் பிடித்துக்கொண்டு என் முழுப் பலத்தோடும் சுற்றினேன். நூல் கீச்சிட்டது.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"விடு!"

திரும்பினேன். அவர் கதிரையிலிருந்து அரைவாசி எழுந்திருந்தார்.

"விடு! விடு!"

முப்பது வருடக் கலியாண வாழ்க்கையில் அவர் என்னை 'நீர்' என்றுதான் கதைத்தவர். 'வாரும்', 'இரும்', 'விடும்' என்பதுதான் அவருடைய வாய்ப்பழக்கம். ஒருநாளும் 'நீ' என்றதில்லை. ஐந்து மாதத்துக்குப் பிறகு வந்த முதல் புதுச் சொல், மரியாதையின் வாலை எங்கோ தொலைத்துவிட்டு வந்திருந்தது. அந்தச் சொல்லைக் கேட்ட அதிர்ச்சியில் நான் சொன்னபடியே செய்தேன். தடியை விட்டுவிட்டேன்.

தடி பலகையில் சரசரவென்று வழுக்கிக்கொண்டு போய் ஏரிக்குள் விழுந்தது.

அவர் சொன்னது நூலை விடச் சொல்லி. மீன் இழுக்கும்போது நூலை ஓடவிடு, மல்லுக்கட்டாதே என்று. அது எனக்கு உடனே விளங்கியது. ஆனால் அவருடைய மிகப் பிடித்தமான தடி முப்பது அடி தூரத்தில் அல்லி இலைகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டு, தக்கைப் பிடி மட்டும் வெளியே தெரிய, துடித்துத் துடித்து ஆடிக்கொண்டிருந்தது. நான் அவர் முகத்தைப் பார்க்கப் பயந்தேன்.

இருமல் மாதிரி ஒரு சத்தம் கேட்டது. மூச்சு முட்டுகிறதோ என்று ஓடிப்போனேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும் உயர, கண்ணால் தண்ணீர் வழிய, தொடையில் அடித்து அடித்துச் சிரித்தார். ஐந்து மாதமாக நான் கேட்காத சத்தம். நான் அந்தப் பலகையிலேயே உட்கார்ந்து அவருடைய முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அழவும் செய்தேன்.

சிறு படகு ஒன்றில் துடுப்புப் போட்டுக்கொண்டு போன இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் எங்களைப் பார்த்துப் படகைத் திருப்பினார்கள். இருவருக்கும் எழுபது வயதிருக்கும். ஒருத்தி வைக்கோல் தொப்பி போட்டிருந்தாள். "உங்களுக்கு ஒன்றுமில்லையே?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நான் பேச முடியாமல் அல்லி இலைப் பக்கம் கையைக் காட்டினேன். அவர்கள் போய்த் தடியை எட்டிப் பிடித்தார்கள். தொப்பிக்காரி கத்தினாள்: "மீன் இன்னும் இருக்கு!"

தடியை என்னிடம் தந்தார்கள். இந்த முறை மீன் இழுக்கும்போது விட்டேன், ஓய்ந்தபோது சுற்றினேன். அவர் இடது கையால் தாளம் போடுவதுபோலக் காட்டிக்கொண்டே இருந்தார். மீன் துறைக்குப் பக்கத்தில் வந்தது. என் முழங்கை நீளம், கரும்பச்சை உடம்பு, பக்கத்தில் மை கொட்டியதுபோல ஒரு கறுப்புக் கோடு. அவர் பலகையில் உட்கார்ந்து, குனிந்து, இடது கைப் பெருவிரலை அதன் வாய்க்குள் விட்டுக் கீழ் உதட்டைப் பிடித்துத் தூக்கினார். பாஸ் மீனை அப்படித்தான் பிடிப்பார்களாம். அது உடனே அசையாமல் தொங்கியது. படகிலிருந்த இருவரும் கைதட்டினார்கள்.

"வீட்டை கொண்டுபோவமோ?"

"ஓம்."

"இல்லாட்டி விடுவமோ?"

"ஓம்."

நான் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்த்து ஒரு பக்கத்தால் சிரித்துவிட்டு, கையைத் தண்ணீருக்குள் தாழ்த்தி, விரலைத் தளர்த்தினார். மீன் ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு வாலை ஒரு வீச்சு வீசிப் போய்விட்டது.

அந்தப் பெண்களுக்குக் கொடுக்க என்னிடம் கடையிலிருந்து கொண்டுவந்த மட்டன் ரோல்ஸ்தான் இருந்தன. படகிலிருந்தபடியே ஆளுக்கு இரண்டு சாப்பிட்டார்கள். உறைப்பில் தொப்பிக்காரியின் மூக்குச் சிவந்தது. இன்னொன்று கேட்டு வாங்கினாள். அவர்களுடைய பெயரை நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ தரம் அங்கே போயும் அவர்களைக் காணவில்லை. கடவுளிடம் யாருக்காகவாவது நன்றி சொல்லும்போது அந்தத் தொப்பியைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. அடுத்த கிழமை அவர் மறுபடி 'ஓம்' மட்டும்தான் சொன்னார். ஆனால் நாங்கள் சனிக்கிழமைகளை விடவில்லை. ஜூலையில் 'புழு' வந்தது, ஆகஸ்டில் 'தேத்தண்ணி'. கோடை முற்றிய நாட்களில் பாஸ் வெயிலுக்குப் பயந்து அல்லி இலைகளின் நிழலுக்குள் போய்விடும்; இலை உதிரும் காலத்தில் கரையை விட்டு ஆழத்துக்கு இறங்கும். எங்கே எறிய வேண்டும் என்பதைக் காட்ட அவருக்குச் சொற்கள் தேவைப்பட்டன. தேவைப்பட்டதால் ஒவ்வொன்றாக வந்தன. ஒக்ரோபரில் ஒருநாள் என் பெயரைச் சொன்னார். பேச்சுப் பயிற்சி தரும் பெண், "நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டாள். மீன் பிடிக்கிறோம் என்றேன். அவள் அதைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

இந்த வருடம் மே மாதம், அனுமதி தொடங்குவதற்கு முன்பே, தடி எதுவும் கொண்டுபோகாமல் சும்மா பார்க்கப் போனோம். துறைக்குக் கீழே தெளிந்த தண்ணீரில் ஒரு பாஸ் மீன் மணலைக் குழித்து, அந்தக் குழிக்கு மேலே அசையாமல் நின்றது. நான் என்னவென்று கேட்டேன். அவர் சொல்லத் தொடங்கினார். இடையில் நான் சொல் எடுத்துக் கொடுக்கக் கூடாது என்பது பயிற்சிப் பெண்ணின் கட்டளை. நான் வாயை மூடிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தேன்.

"முட்டை... போட்டிட்டு... பெண் போயிடும். ஆம்பிளைதான்... நிண்டு... காவல். சாப்பிடாது. குஞ்சு... வளருமட்டும். இப்ப பிடிச்சா... மற்ற மீன் வந்து... முட்டையைத் திண்டிடும். அதுதான்... ஜூன் வரைக்கும்... பொறுக்கோணும்."

ஒரு நாயை நடத்திக்கொண்டு போனவர் எங்களைத் தாண்டிப் பூங்காவைச் சுற்றித் திரும்பியும் வந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் இவர் சொல்லி முடித்தார்.

"எங்கடை வீட்டிலை தலைகீழ்" என்றேன். "காவலுக்கு நிண்டது நான்."

அவர் யோசித்தார்.

"ஓம்" என்றார். பிறகு, "உமக்கு... பெரிய நன்றி" என்றார்.

காற்று குளிராக இருந்தது. அவருடைய ஜாக்கெட்டின் சிப்பை நான் இழுத்துவிட்டேன். அந்த மீன் குழியை விட்டு அசையவில்லை. நாங்களும் கனநேரம் அதைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்தோம்.