தரையில் நிற்பவள்

தூத்துக்குடி, மாதா கோயில் மண்டபம். நாளைக்கு நண்பனின் தங்கைக்குக் கல்யாண வரவேற்பு. மேடையில் ஆட ஜோடி நடனம் சொல்லித்தரும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. மாப்பிள்ளை சேவியர் கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கும் வள்ளத்தில் போகிறவர். அவர் பிடித்த பிடியில் பெண்ணின் விரல்கள் வெளுத்துவிட்டன.

"இறுக்காதீங்க. விரல்ல விரல் கொக்கி மாதிரி கிடந்தா போதும். நீங்க அசைஞ்சா அவங்களுக்குத் தெரியும்."

மூன்றாம் முறையும் இறுக்குகிறார். எனக்கு எரிச்சல்.

"கை லேசா கெடந்தா ஆளு இருக்கான்னே தெரியல அண்ணாச்சி."

பிறகு அவராகவே சொல்கிறார்.

"முங்குதவனுக்கு மச்சான்தான் கயிறு பிடிக்கணும், அது எங்க வழக்கம். அக்கா வீட்டுக்காரருக்கு நான்தான் பிடிச்சேன். கீழேருந்து இழுத்தா தூக்கணும். போன வருசம் ஒருநா கயிறு லேசாவே கெடந்துச்சு. சங்கு பொறுக்குதாருன்னு இருந்துட்டேன். தூக்கும்போது உசுரு இல்ல."

பாட்டை நிறுத்துகிறேன். மேசைக்குத் துணி விரித்துக்கொண்டிருந்த அவருடைய அக்கா எங்களிடம் வருகிறாள். தம்பியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுகிறாள்.

"மெல்லப் பிடிலே. இவ தரையிலதான நிக்கா."