கேமரா பொட்டியும் ஒரே பிளக்கும்

டோல்கேட்டில் இறங்கி மஜீது பாய் சர்பத் கடை எங்கே என்று யாரைக் கேட்டாலும் கையைக் காட்டுவார்கள். சர்பத் ஒன்றும் அவ்வளவு பிரமாதமில்லை. எசன்ஸ் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். ஆனால் அந்தத் தெருவின் கேமரா பொட்டி அவர் கடையில்தான் இருந்தது. யார் சைக்கிள் காணாமல் போனாலும், யார் வீட்டுச் சுவரை எந்த வேன்காரன் இடித்துவிட்டுப் போனாலும், ஜனம் முதலில் ஓடி வருவது மஜீதிடம்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எஸ்.ஐ. அர்ஜுன் தெரு ஜனத்தை ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டி வைத்துப் பேசினார். "ஸ்டேஷன்ல நாங்க எத்தனை பேர் இருக்கோம்? எல்லாத் தெருவுலயும் எங்களால நிக்க முடியுமா? நீங்களும் கூட நிக்கணும்" என்றார். தெருவுக்கு நாலு கேமரா வரும், அதைப் பதிவு செய்கிற பொட்டியை யாராவது ஒருத்தர் தங்கள் இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், கரண்டு அவர்களுடையது. இதைக் கேட்டதும் மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அவரவர் செருப்பைப் பார்க்கிற வேலை வந்துவிட்டது. மஜீது மட்டும் எழுந்து நின்றார். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, ஹார்பரில் மூட்டை தூக்கி, பேசின் பிரிட்ஜ் பக்கம் தள்ளுவண்டி தள்ளி, ஐம்பத்து மூன்று வயதுவரை யாரும் அவருக்குக் கை தட்டியதில்லை. அன்றைக்குத் தட்டினார்கள்.

தெருக் காவல் குழுப் பொறுப்பாளர் என்று அச்சடித்து, போட்டோ ஒட்டி ஒரு அட்டை கொடுத்தார்கள். மஜீது அதைக் கழுத்திலேயே மாட்டிக்கொண்டு திரிந்தார். நடையே மாறிப்போனது, கை இரண்டும் தானாகப் பின்னால் போய்க் கோத்துக்கொண்டன. "இன்னாங்க, இன்ஸ்பெக்டர் ஐயா சோறு துன்ன வர்றாரா, இல்ல ரவுண்ட்ஸ் போவணுமா?" என்று அவர் மனைவி ஜீனத் கிண்டல் செய்வாள். அவருக்கு அந்தக் கிண்டலும் பிடித்திருந்தது.

நியாயத்தைச் சொல்லவேண்டும், மனுஷர் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார். வழிதவறிப் போன குழந்தை ஒன்றை அந்தப் பொட்டியைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். செயின் அறுத்தவன் ஒருவனும் அதில்தான் மாட்டினான். வினை வந்தது இந்த வருஷத்து நோன்பு மாதத்தில், ஒரு ஃப்ரீசர் ரூபத்தில்.

மஜீது கடைக்குப் பதினோரு வருஷமாக ஐஸ் பார் கொண்டுவந்து போட்டவர் பீம்ராவ். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் குடியிருப்பு. சைக்கிள் கேரியரில் ஈரக் கோணி சுற்றிய ஐஸோடு காலையில் வருவார், இறக்குவார், ஒரு கிளாஸ் சர்பத் குடித்துவிட்டுப் போவார். நோன்பு மாதத்தில் மட்டும் குடிக்கமாட்டார். ஊரெல்லாம் மஜீதின் கண்ணெதிரே நின்று உறிஞ்சிவிட்டுப் போகும். பீம்ராவுக்கு மட்டும் மனசு வராது. "நீங்க தொண்ட காஞ்சிகினு ஊத்தறீங்கோ, நான் உங்க எதிர்ல குந்தி குடிக்கிறதா? பெருநாள் முடியட்டும் பாய்" என்பார்.

இந்த வருஷம் மஜீது பழைய ஃப்ரீசர் ஒன்றை வாங்கிப் போட்டார். நோன்பு திறக்கிற நேரத்துக் கூட்டத்துக்கு ஃபலூடா போடலாம், ஐஸும் கடையிலேயே கட்டிக்கொள்ளலாம் என்று கணக்கு. "இனிமே ஐஸு வேணாம் பீமு" என்று சொன்னபோது பீம்ராவ், "செரி பாய்" என்று கோணியை மடித்துக்கொண்டு போனார். வருத்தப்பட்ட மாதிரியே தெரியவில்லை. அந்தத் தெருவில் இன்னும் இரண்டு கடைக்கு அவர் ஐஸ் போட்டுக்கொண்டுதான் இருந்தார்.

கடையில் உருப்படியாக இருந்தது ஒரே ஒரு பிளக். ஃப்ரீசரும் கேமரா பொட்டியும் சேர்ந்து ஓடினால் ஃபியூஸ் போனது. முதல் நாளே இரண்டு முறை போனது. அதனால் மஜீது மத்தியானம் பன்னிரண்டு மணிவாக்கில் பொட்டியின் பிளக்கைப் பிடுங்கி ஃப்ரீசரைச் சொருகுவார். மக்ரிப் தொழுகை முடிந்து கூட்டம் குறைந்ததும் மறுபடி பொட்டியைச் சொருகுவார். பட்டப்பகலில் எவன் திருட வரப்போகிறான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். இப்படி ஒன்பது நாள் போனது. யாருக்கும் தெரியாது.

பத்தாம் நாள் சாயங்காலம் நாலு மணிக்குப் பூவம்மா தலைமுடி அவிழ ஓடி வந்தாள். விடிகாலையில் காசிமேடு போய் மீன் எடுத்து வந்து விற்கிறவள். புருஷன் இல்லை. மீன்பாடி வண்டி ஒன்று வைத்திருந்தாள், மோட்டார் வைத்த மூன்று சக்கர வண்டி. அவளுடைய பிழைப்பே அதன்மேல்தான் ஓடியது. யாவாரம் முடித்து, வண்டியைத் தெருக்கோடியில் நிறுத்திவிட்டு வீட்டில் கண் அசந்திருக்கிறாள். எழுந்து பார்த்தால் வண்டி இல்லை.

"பாய், கேமராவப் பாரு பாய்! என் வண்டிய எவனோ தள்ளிகினு பூட்டான்!"

அவள் பின்னால் இருபது பேர் வந்துவிட்டார்கள். மஜீது உள்ளே போய்க் குனிந்தார். பிளக்கை மாற்றிச் சொருகி, பொட்டி உயிர் பெறும்வரை காத்திருந்து பார்த்தார். திரையில் தெரு பன்னிரண்டு மணி பத்து நிமிஷத்தோடு நின்றுபோயிருந்தது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். நாலு பேர் திட்டியிருப்பார்கள், அதோடு போயிருக்கும். ஆனால் கழுத்தில் அட்டை தொங்குகிறது, வெளியே இருபது பேர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"இன்னா பாய், ஆளு தெரியுதா?"

"தெரியுது. மூஞ்சிதான் மங்கலா கீது."

எதிரே செல்போன் கடை வைத்திருக்கும் சௌக்கத் அலி முன்னால் வந்தார். "ஒல்லியா, கையில கோணி வெச்சிகினு கீறானா? பீம்ராவ் மத்தியானம் அந்த வண்டி நெழல்ல குந்தி சோறு துன்னுகினு இருந்தான், நான் என் கண்ணால பாத்தேன். ஐஸ நிறுத்திட்டீங்கோ இல்ல, அந்தக் கடுப்பு."

"வியாசர்பாடி ஆளாச்சே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அதற்குமேல் யாருக்கும் சாட்சி தேவைப்படவில்லை. விலாசமே போதுமானதாக இருந்தது.

மஜீது ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

எஸ்.ஐ. அர்ஜுன் வந்து பதிவைக் கேட்டார். "பொட்டி ஹேங் ஆயிட்ச்சு சார். அதுக்கு முன்னாடி நான் பாத்துட்டேன்" என்றார் மஜீது. "நீங்க பாத்தா போதும் பாய். மெக்கானிக்க அப்பாலிக்கா அனுப்பறேன்" என்று அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார் எஸ்.ஐ. அடுத்த ஒரு மணி நேரத்தில், வண்ணாரப்பேட்டையில் ஐஸ் இறக்கிக்கொண்டிருந்த பீம்ராவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்று பள்ளிவாசலில் நோன்பு திறக்கும்போது ஆளாளுக்கு மஜீதைப் பாராட்டினார்கள். அவர் பேரீச்சம்பழத்தைக் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தார். பகல் முழுக்கப் பட்டினி கிடந்து, அந்த வாயாலேயே பொய் சொன்னோமே என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் பதினோரு மணிக்கு ஒரு பெண் கடைமுன் வந்து நின்றாள். பீம்ராவின் மனைவி மதி. ராத்திரி முழுக்க ஸ்டேஷன் வாசலில் இருந்தவள் என்பது சேலைக் கசங்கலில் தெரிந்தது. சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று மஜீது நினைத்தார். அவளோ குரலை உயர்த்தவேயில்லை.

"பாய், கேமராவுல பாத்தது நீங்கதானாமே. அவுரு கெடையாதுன்னு நான் தலைல அடிச்சிகினு அழுவறேன், யாரும் கேக்க மாட்டேங்கறாங்கோ. நீங்க சொன்னா நான் நம்பறேன். நோன்பு வெச்சிகினு கீறவரு, பொய் சொல்ல மாட்டீங்கோ. அவுரு மூஞ்சிதானா, சொல்லுங்க. நான் பூட்றேன்."

மஜீது கிளாஸ்களைக் கழுவினார். கழுவிய கிளாஸையே மறுபடி கழுவினார். "எனக்கு இன்னாம்மா தெரியும், ஸ்டேஷன்ல கேளு" என்றவர், என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு சர்பத்தைக் கலக்கி அவள் பக்கம் நீட்டினார். "வெயில்ல வந்துகீற. குடி."

"வேணாம் பாய். இந்த மாசம் உங்க எதிர்ல பச்சத் தண்ணி குடிக்கக்கூடாதுன்னு அவுரு சொல்லி கீறாரு." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சாயங்காலம் கோர்ட்டுக்கு இட்டுனு போறாங்களாம். ஜெயிலுக்குப் பூட்டா அப்பால எந்தக் கடையில பாய் ஐஸு எடுப்பாங்கோ?"

அவள் டோல்கேட் பக்கம் நடந்து மறையும்வரை மஜீது அந்தக் கிளாஸைப் பிடித்தபடியே நின்றார்.

கடையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் ஜீனத்திடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் முழுசாகக் கேட்டாள். கிண்டல் செய்யவில்லை.

"இத எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது? சொல்ல வேண்டிய எடத்துல போயி சொல்லுங்க. கோர்ட்டுக்குப் போறதுக்குள்ள" என்றாள். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போய், ஃப்ரீசரின் பிளக்கை அவளே பிடுங்கிப் போட்டாள்.

ஸ்டேஷனில் மஜீது உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். ஃப்ரீசர் வாங்கியதிலிருந்து தலையை ஆட்டியதுவரை சொன்னார்.

"ஒரு பிளக்குக்காகவா பாய்?" என்றார் எஸ்.ஐ. பிறகு மேஜையைப் பார்த்துக்கொண்டே, "நானும் வந்து பொட்டியைத் திறந்து பார்த்திருக்கணும்" என்றார்.

மஜீது கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். எஸ்.ஐ. அதை அவர் பக்கமே தள்ளினார். "எடுத்துட்டுப் போங்க. உங்களை விட்டா அந்தத் தெருவுல எவனும் வரமாட்டான். நேத்து அங்க எத்தனை பேர் நின்னாங்களோ, அத்தனை பேர்கிட்டயும் போய் இதைச் சொல்லுங்க."

பீம்ராவை வெளியே அனுப்பினார்கள். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. இடது கன்னம் வீங்கியிருந்தது. மஜீது அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பீமு, என்ன மன்னிச்சிரு. நான் பொய் சொல்லிட்டேன்" என்றார். பீம்ராவ் முதலில் எஸ்.ஐ. முகத்தைப் பார்த்தார், பேசலாமா கூடாதா என்று. பிறகு, "பரவால்ல பாய்" என்றார்.

நாலு அறை கொடுத்திருந்தால்கூட மஜீது தாங்கியிருப்பார். அந்தப் பரவாயில்லையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் வாசலில் நோன்புக் கஞ்சிக்குத் தூக்குகளோடு ஜனம் வரிசை கட்டி நின்றது. எல்லா மதத்துக்காரர்களும் வாங்க வருகிற வரிசை, தெருவில் பாதி அங்கேதான் இருந்தது. மஜீது அவர்கள் முன்னால் நின்று, ஸ்டேஷனில் சொன்னதைத் திரும்பச் சொன்னார். சௌக்கத் அலி அவரை ஓரமாக இழுத்து, "வுடுங்க பாய், ஆள்தான் வெளிய வந்துட்டான் இல்ல. இதெல்லாம் சபையில சொல்லிகினு" என்றார். வியாசர்பாடி ஆளாச்சே என்று கத்தியவர் யாரென்று யாருக்கும் ஞாபகம் வரவில்லை. வரிசையிலிருந்த பூவம்மா மட்டும் நேராகப் பார்த்துக் கேட்டாள். "அப்போ என் வண்டி?"

அந்த வண்டி கிடைக்கவேயில்லை. பொட்டி ஓடியிருந்தால் ஒருவேளை கிடைத்திருக்கும். ஃப்ரீசரை விற்று வந்ததை மஜீது பூவம்மாவிடம் கொடுத்தார், அது வண்டிக்குப் பாதிகூட இல்லை. அவள் இப்போது தலையில் கூடை வைத்து விற்கிறாள்.

ஐஸுக்கு மறுபடி பீம்ராவிடமே சொல்லி அனுப்பினார். வரமாட்டார் என்றுதான் நினைத்தார். வந்தார், பிழைப்பு விடுமா? ஆனால் தெருமுனைக்கு வந்ததும் சைக்கிளிலிருந்து இறங்கிவிடுகிறார். கேமரா கம்பத்துக்குக் கீழே நின்று, தலையை நன்றாக நிமிர்த்தி, முகத்தைக் காட்டுகிறார். கோணியை விரித்து உள்ளே ஐஸைத் தவிர வேறொன்றும் இல்லை என்று காட்டுகிறார். அதற்கப்புறம்தான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருவுக்குள் வருகிறார். திரும்பிப் போகும்போதும் அதேபோல ஒருமுறை.

கடைக்குள் உட்கார்ந்து மஜீது தினமும் திரையில் அதைப் பார்க்கிறார். பெருநாள் முடிந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. நீட்டுகிற சர்பத்தை பீம்ராவ் வாங்கிக் குடிக்கிறார், கிளாஸைக் கழுவிக் கவிழ்க்கிறார். கிளம்புகிற நேரத்தில் பொட்டியின் பக்கம் எட்டிப் பார்த்து, ஒருநாள் தவறாமல் கேட்கிறார்.

"பாய், இன்னிக்கி ஓடுதா?"

"ஓடுது பீமு" என்கிறார் மஜீது, தலையைத் தூக்காமல்.